ஒரு மில்லிவினாடிக்கு 200 கிலோமீட்டர்

மைக்கில் பேசும் குரல் ஒலிபெருக்கிக்கு ஒரு மில்லிவினாடி, அதாவது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தாமதமாகப் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தோன்றும் வழி எளியது. நடுவில் நீளமான கேபிள் ஒன்றைப் போட்டுவிட்டால், சிக்னல் அதைக் கடந்து வருவதற்குள் நேரமாகிவிடும். எவ்வளவு நீளம்? கெட்டியான பாலிஎத்திலீன் காப்பு கொண்ட கோஆக்சியல் கேபிளில் மின்அலை, ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். ஒரு மில்லிவினாடி வேண்டுமானால் 200 கிலோமீட்டர் கேபிள் தேவை. ஒரு முனை சென்னையில் இருந்தால் மறுமுனை உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கும். ஒலிப்பதிவிலும் மேடையிலும் வழக்கமாகத் தேவைப்படுவதோ 10, 30, 100 மில்லிவினாடிகள். 30 மில்லிவினாடிக்கே 6,000 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்டு ஒலியை ஏன் காக்க வைக்க வேண்டும்? காற்றில் ஒலி மெதுவாகப் போகிறது என்பதுதான் காரணம். 20 டிகிரி வெப்பத்தில் அதன் வேகம் வினாடிக்கு 343 மீட்டர். ஒரு மில்லிவினாடியில் 34 சென்டிமீட்டர்தான் நகரும். மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி இன்னொரு ஒலிபெருக்கியை வைத்தால், கம்பி வழியாகச் செல்லும் சிக்னல் ஒரு மைக்ரோவினாடிக்குள் அங்கே போய்விடும். மேடை ஒலிபெருக்கியின் சத்தம் காற்றில் நடந்து 175 மில்லிவினாடி கழித்து வந்து சேரும். அந்த இடத்தில் நிற்பவர் காதில் ஒவ்வொரு அசையும் இரண்டு முறை விழும். முதல் சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறும். சத்தம் இருக்கும், பேச்சு புரியாது.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதை அளந்து பார்த்தார். ஒரே பேச்சு இரண்டு திசைகளிலிருந்து 5 முதல் 30 மில்லிவினாடி இடைவெளியில் வந்தால் காது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. எந்தத் திசையிலிருந்து முதலில் வந்ததோ, முழு ஒலியும் அங்கிருந்தே வருவதாக உணர்கிறது. பிந்தி வருவது 10 டெசிபெல் வரை உரத்திருந்தாலும் இந்த உணர்வு மாறுவதில்லை. ஒலியமைப்புக் கலைஞர்களுக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடைத்ததில்லை என்பேன். தூரத்து ஒலிபெருக்கியை மேடைச் சத்தம் வந்து சேரும் வரை, அதற்கு மேலும் ஒரு 10 மில்லிவினாடி, காக்க வைத்தால் போதும். கேட்பவருக்கு எல்லாம் மேடையில் நிற்பவரின் வாயிலிருந்தே வருவது போலிருக்கும், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவும் இருக்கும். 1950களின் தொடக்கத்தில் லண்டனின் செயின்ட் பால் பேராலயத்தில், எதிரொலியில் சொற்கள் மூழ்கிப்போகும் அந்தப் பெரிய மண்டபத்தில், இந்த உத்தியைக் கொண்டுதான் பேச்சைக் காப்பாற்றினார்கள். 1973 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென்னில் சுமார் 6 லட்சம் பேர் கூடிய இசைவிழாவில், மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி நின்ற ஒலிபெருக்கிக் கோபுரங்களுக்கு 175 மில்லிவினாடி தாமதம் கொடுத்தார்கள்.

ஆக, தேவை உண்மையானது. அதை எப்படி உண்டாக்குவது? இதற்கான முதல் விடைகளை ஒலிப்பதிவுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. தந்தியும் தொலைபேசியும் அமைத்தவர்கள், தாமதத்தை ஒழிக்கப் போராடியபோது, வழியில் கண்டெடுத்தார்கள்.

நான் மேலே சொன்ன 200 கிலோமீட்டர் கணக்கு உயர்ந்த அதிர்வெண்களுக்குத்தான் சரியாகப் பொருந்தும். குரலின் அதிர்வெண்களில் நீண்ட கேபிள் வேறு விதமாக நடந்துகொள்கிறது. உள்ளே கம்பி, சுற்றிலும் காப்பு, வெளியே இன்னொரு கடத்தி என்னும் அமைப்பே ஒரு மின்தேக்கி. கம்பிக்கு மின்தடையும் உண்டு. அந்தத் தடை வழியாக, கேபிளின் நீளம் முழுக்கப் பரவியிருக்கும் மின்தேக்கி நிரம்ப வேண்டும். இதற்கு ஆகும் நேரம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், 1850களின் நடுவில் கணக்கிட்டுச் சொன்னார். நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்கு. 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் கேபிளில், விக்டோரியா அரசி அனுப்பிய நூறு சொற்களுக்கும் குறைவான வாழ்த்து போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. தாம்சனின் கணக்கை ஏற்காத மின்பொறுப்பாளர் ஒயிட்ஹவுஸ் மின்னழுத்தத்தைச் சுமார் 2,000 வோல்ட் வரை ஏற்றினார். சில வாரங்களில் கேபிள் ஊமையாயிற்று.

இப்படிப்பட்ட கேபிள் தரும் தாமதம் நமக்குப் பயன்படாது. அதில் தாழ்ந்த அதிர்வெண் ஒரு வேகத்திலும் உயர்ந்த அதிர்வெண் இன்னொரு வேகத்திலும் போகின்றன. உயர்ந்தது வழியில் அதிகமாகத் தேய்ந்தும் போகிறது. மறுமுனையில் வருவது தாமதமான குரல் இல்லை, உருக்குலைந்த குரல். எல்லா அதிர்வெண்களும் ஒரே வேகத்தில், ஒரே அளவு தேய்ந்து வந்து சேர்ந்தால்தான் அதைத் தாமதம் என்று ஒலிக்காரர் ஏற்பார்.

அதற்கு வழி சொன்னவர் ஆலிவர் ஹெவிசைட். பள்ளிப் படிப்போடு நின்று, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து, செவித்திறன் குறைந்து, வீட்டிலிருந்தபடியே மேக்ஸ்வெல்லின் மின்காந்தக் கோட்பாட்டைத் தானே கற்றுத் தேர்ந்தவர். கேபிளில் மின்தேக்கும் தன்மை மிகுதியாகவும் மின்தூண்டும் தன்மை மிகக் குறைவாகவும் இருப்பதே கோளாறு என்று 1887-இல் காட்டினார். வேண்டுமென்றே மின்தூண்டலைக் கூட்டினால் குரல் உருக்குலையாமல் போகும் என்றார். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் பொறியாளர் வில்லியம் பிரீஸ் மின்தூண்டலைப் பகையாகவே கருதியவர். அவர் குறுக்கே நின்றதால் இதைச் சொல்லும் ஹெவிசைடின் கட்டுரை அன்று தடைப்பட்டது. பிறகு அமெரிக்காவில் ஜார்ஜ் கேம்பல், மைக்கேல் பூப்பின் இருவரும் தனித்தனியே அதே வழிக்கு வந்தனர். 1900-இல் பூப்பினுக்குக் காப்புரிமை கிடைத்தது, தொலைபேசி நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது, அவர் செல்வரானார். ஹெவிசைட் வறுமையில் வாழ்ந்து 1925-இல் டார்க்கி நகரில் இறந்தார். தொலைபேசியின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் உறுத்தும் பகுதி இது.

அமெரிக்காவில் நெடுங்காலம் வழக்கிலிருந்த ஒரு முறைப்படி, ஏறத்தாழ 1.83 கிலோமீட்டருக்கு ஒரு முறை 88 மில்லிஹென்றி கம்பிச்சுருள் ஒன்றைத் தொலைபேசிக் கேபிளில் கோத்தார்கள். கிலோமீட்டருக்கு 52 நானோஃபாரட் மின்தேக்குதிறன் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தக் கேபிளில் குரலின் வேகம் வினாடிக்கு 20,000 கிலோமீட்டராகக் குறைகிறது. குரல் தெளிவானது, வேகமோ பத்தில் ஒன்றாயிற்று. நம் மில்லிவினாடிக்கு இப்போது 200 கிலோமீட்டர் வேண்டாம். 20 கிலோமீட்டர் கேபிளும் 11 சுருள்களும் போதும்.

ஒரு சுருளுக்கும் அடுத்த சுருளுக்கும் இடையில் அந்த 1.83 கிலோமீட்டர் கேபிள் செய்யும் முக்கியமான வேலை, 95 நானோஃபாரட் அளவுக்கு மின்தேக்கியாக இருப்பதுதான். அப்படியானால் கேபிளை எடுத்துவிட்டு அங்கே 95 நானோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தால்? விளைவு அதேதான். 11 சுருள், 11 மின்தேக்கி, ஒரு மரப்பலகை. 20 கிலோமீட்டர் கேபிள் மேசைக்கு வந்துவிட்டது. ஆய்வகங்களில் இதைச் செயற்கைக் கம்பித்தடம் என்று வைத்திருந்தார்கள். கடைசி முனையில் ஆயிரம் ஓமுக்குச் சற்றுக் குறைவான மின்தடை ஒன்றை இணைக்க மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் அலை முனையில் மோதித் திரும்பி வந்து எதிரொலியாகும்.

இதில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. மேற்சொன்ன தொடர் சுமார் 3,480 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கடத்தாது. தொலைபேசிப் பேச்சுக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது. 10,000 ஹெர்ட்ஸ் வரை வேண்டுமென்றால் சுருளையும் மின்தேக்கியையும் சிறிதாக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கட்டமும் தரும் தாமதம் 91 மைக்ரோவினாடியிலிருந்து 32-ஆகக் குறையும். ஒரு மில்லிவினாடிக்கு 31 அல்லது 32 கட்டங்கள் தேவைப்படும். 30 மில்லிவினாடிக்கு 940-க்கு மேல். பொது விதி இது: வேண்டிய தாமதத்தையும் வேண்டிய உச்ச அதிர்வெண்ணையும் பெருக்கி, அதை மேலும் பை (π) என்னும் எண்ணால் பெருக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை வரும். சுருள்களின் மின்தடை ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்னலைத் தின்னும் என்பது தனிக் கணக்கு.

இந்த விதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இனி வரும் எல்லாக் கருவிகளுக்கும் இதுவே அடிப்படை. ஒலியைத் தாமதப்படுத்துவது என்றால், உள்ளே வந்துவிட்டு இன்னும் வெளியேறாத ஒலியை எங்காவது வைத்திருப்பது. 30 மில்லிவினாடி தாமதம் என்றால் எந்தக் கணத்திலும் 30 மில்லிவினாடி நீளமுள்ள ஒலி கருவிக்குள் இருந்தாக வேண்டும். அதில் நுணுக்கம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அறைகள் வேண்டும். இந்தச் செலவை எந்த உத்தியாலும் தவிர்க்க முடியாது. அறைகளை எதனால் கட்டுவது என்பதில்தான் நம் சாமர்த்தியம் இருக்கிறது.

தேவைப்படும் தாமதம் சில மில்லிவினாடிக்குள் அடங்கும்போது சுருளும் மின்தேக்கியுமே சிறந்த அறைகள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் பக்கவாட்டில் நீர்ஒலிவாங்கிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. தூரத்துக் கப்பலின் சுழலி எழுப்பும் ஓசை ஒவ்வொன்றையும் சற்று முன்னே பின்னே வந்தடையும். நீரில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் என்பதால், 3 மீட்டர் இடைவெளிக்கும் அதிகபட்சம் 2 மில்லிவினாடி வித்தியாசம்தான். முந்தி வந்ததைச் சுருள் தொடரில் காக்க வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால், ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து வரும் ஓசை மட்டும் ஓங்கிக் கேட்கும். கைச்சக்கரத்தைத் திருப்பித் தாமதங்களை மாற்றினால் கேட்கும் திசையும் மாறும். கப்பல் எங்கும் திரும்ப வேண்டியதில்லை.

இதே வேலையைக் கூகை தன் மூளைக்குள் செய்கிறது. இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை நீளம் மாறுபடும் நரம்பிழைகள் ஈடுசெய்யலாம் என்று லாயிட் ஜெஃப்ரஸ் 1948-இல் ஊகித்தார். கூகையின் மூளையில் அப்படிப்பட்ட இழைகள் இருப்பதைக் கேத்தரின் கார், மசகாசு கொனிஷி இருவரும் 1980களின் இறுதியில் காட்டினர். நரம்பில் செய்தியின் வேகம் வினாடிக்குச் சில மீட்டர்தான் என்பதால் மில்லிமீட்டர் கணக்கிலான நீளமே போதுமானதாகிறது. கேபிளை நீட்டித் தாமதம் உண்டாக்கும் யோசனை வெறும் கற்பனை இல்லை. செம்புக்கம்பி அதற்கு வேகமான பொருளாகிவிட்டது, அவ்வளவுதான்.

நீண்ட தாமதத்துக்குப் பொறியாளர்கள் வேறு பக்கம் திரும்பினார்கள். மின்சாரம் வேகமானது என்றால், சிக்னலை மெதுவான வேறொன்றாக மாற்றி ஓடவிட்டு மறுபடி மின்சாரமாக்கலாம். நெடுந்தொலைவுத் தொலைபேசித் தடத்தின் தாமதத்தை ஆய்வகத்துக்குள் போலி செய்து பார்க்க பெல் ஆய்வகத்தார் எஃகுச் சுருள்வில்லைப் பயன்படுத்தினர். ஒரு முனையை அதிரவைத்தால் அதிர்வு வில்லின் வழியே நடந்து மறுமுனைக்கு வரும். அந்த வில் லாரன்ஸ் ஹாமண்டின் மின்ஆர்கனுக்குள் புகுந்தது, பிறகு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களுக்குப் போனது. இன்றும் கிட்டார் இசையில் கேட்கும் அந்தத் துள்ளும் எதிரொலிக்கு மூலம் தொலைபேசிக் கேபிள். ராடார் பொறியாளர்கள் பாதரசம் நிறைந்த குழாய்களில் ஒலித்துடிப்பை ஓடவிட்டனர். 1949-இல் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் கட்டிய எட்சாக் கணினிக்கு அப்படிப்பட்ட ஒன்றரை மீட்டர்க் குழாய்களே நினைவகம். 1971-இல் டுவேன் கூப்பர் வடிவமைத்த 'டைம் கியூப்' என்னும் ஒலிப்பதிவுக் கருவியில் இருந்தது தோட்டத்துக்கு நீர் விடும் குழாய் போன்ற சுருட்டிய குழாய். ஒரு முனையில் ஒலிபெருக்கி, மறுமுனையில் மைக். ஐந்தரை மீட்டர்க் குழாய் 16 மில்லிவினாடி தரும். குழாய் ஒலியின் குணத்தைக் கெடுக்காமலிருக்கக் கூப்பர் செய்த திருத்தங்களே அந்தக் கருவியின் பெருமை.

காந்த நாடாவின் கணக்கு இன்னும் எளிது. பதிவுத்தலைக்கும் வாசிப்புத்தலைக்கும் இடையே 2 அங்குலம், நாடா ஓடுவது வினாடிக்கு 15 அங்குலம் என்றால் தாமதம் 133 மில்லிவினாடி. 1950களின் அமெரிக்க ராக் பாடல்களில் குரலுக்குப் பின்னால் சட்டென்று ஒட்டிக்கொண்டு வரும் அந்த எதிரொலி இப்படிப் பிறந்ததுதான்.

இனி, சுருள் இல்லாத எளிய மின்னணுச் சுற்றுக்கு வருவோம். ஆப்ஆம்ப் என்னும் பெருக்கிச் சில்லு ஒன்று, சில மின்தடைகள், ஒரு மின்தேக்கி கொண்டு, எந்த அதிர்வெண்ணின் வலிமையையும் மாற்றாமல் நேரத்தை மட்டும் சற்றுத் தள்ளும் சுற்றைக் கட்டலாம். 10 கிலோஓம், 1 நானோஃபாரட் என்று வைத்தால் ஒரு கட்டத்துக்கு 20 மைக்ரோவினாடி. ஒரு மில்லிவினாடிக்கு 50 கட்டம் ஆகும், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இரைச்சலையும் சேர்க்கும், உயர்ந்த அதிர்வெண்களில் தாமதம் குறையவும் செய்யும். ஆனால் ஒரே பெட்டியில் இருக்கும் சிறிய ஸ்பீக்கர் பெரியதைவிட மூன்றரை சென்டிமீட்டர் முன்தள்ளி இருந்தால் ஈடுசெய்ய வேண்டியது 100 மைக்ரோவினாடிதான். அங்கே இந்தச் சுற்றில் ஐந்து கட்டம் போதும்.

பெரிய பாய்ச்சல் 1969-இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் நிகழ்ந்தது. சாங்ஸ்டர், டேர் என்னும் இருவர் நுண் மின்தேக்கிகளை வரிசையாக ஒரே சில்லில் அடுக்கும் வழியைக் கண்டனர். தீயணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது போல, கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் மின்னூட்டம் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்கு நகரும். மட்சுஷிடா நிறுவனத்தின் எம்என்3005 சில்லில் 4,096 கட்டங்கள். கட்டங்களின் எண்ணிக்கையைக் கடிகார அதிர்வெண்ணின் இருமடங்கால் வகுத்தால் தாமதம் வரும். 10 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்துக்கு 205 மில்லிவினாடி. அப்போது 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை விட்டுவிட வேண்டியதுதான். 30 மில்லிவினாடி போதுமென்றால் கடிகாரத்தை 68 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றலாம், இசை முழுதாகக் கடக்கும். சுருள் தொடரில் பார்த்த அதே பேரம் இங்கும் நடக்கிறது. தாமதத்தைக் கூட்டினால் நுணுக்கம் குறையும்.

1971-இல் வாளிகளின் இடத்தை எண்கள் பிடித்தன. எம்ஐடி பேராசிரியர் பிரான்சிஸ் லீ இதயத்துடிப்பைக் கண்காணிக்க ஒரு எண்மத் தாமதக் கருவி செய்திருந்தார். அதில் ஒலியை ஓட்டிப் பார்க்கலாமே என்றார் பேரி பிளெசர். அதிலிருந்து லெக்சிகான் நிறுவனத்தின் டெல்டா-டி 101 பிறந்தது. இன்று வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் கருவிக்கு 30 மில்லிவினாடி என்பது 1,440 எண்கள். ஒரு கைப்பேசியின் நினைவகத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. தைவானின் பிரின்ஸ்டன் நிறுவனம் செய்யும் பிடி2399 என்ற மலிவான சில்லு சுமார் 30 முதல் 340 மில்லிவினாடி வரை தருகிறது. மைக் ஆம்ப்ளிஃபயர்களில் 'எக்கோ' என்று எழுதிய குமிழுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுவோ இதன் உறவோ இருக்கும். பள்ளி மாணவரும் இதை வாங்கிப் பலகையில் பற்றவைத்துத் தன் குரல் தாமதமாக வருவதைக் கேட்கலாம்.

ஒரு காலத்தில் 6,000 கிலோமீட்டர் கேபிள் கேட்ட தாமதம் இப்போது இவ்வளவு மலிந்துவிட்டது. ஆனால் நம் ஊர்த் திருவிழாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் அதைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் பலர் பயன்படுத்துவதில்லை. தெரு நெடுக 30 மீட்டருக்கு ஒரு கூம்பு ஒலிபெருக்கி கட்டி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழங்க விடுகிறார்கள். பக்கத்துக் கூம்பின் சத்தம் உடனே காதில் விழும், அடுத்தது 86 மில்லிவினாடி கழித்து, அதற்கடுத்தது 172 கழித்து. பேச்சு குழம்புகிறது. புரியவில்லை என்று வால்யூமை ஏற்றுகிறார்கள், குழப்பமும் சேர்ந்து ஏறுகிறது. போதாததற்கு எக்கோ குமிழையும் திருப்பி விடுகிறார்கள். அந்தத் தெருவில் குடியிருக்கும் முதியவரும் கைக்குழந்தையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், ஒரு சொல்லும் விளங்காத சத்தத்தை நள்ளிரவு வரை தாங்க வேண்டியிருக்கிறது.

மைக் செட் வைத்திருக்கும் அன்பர்களே, உங்களில் பலரிடம் உள்ள எண்ம மிக்சரிலோ புராசசரிலோ ஒவ்வொரு வெளிவழிக்கும் தனித் தாமதம் வைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. தூரத்துக் கூம்புகளை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் கொடுங்கள். கூம்புகள் ஒரே திசையை, மேடைக்கு எதிர்ப்புறத்தைப் பார்க்கட்டும். மேடையிலிருந்து ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்துக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து, நம் ஊர் வெப்பத்துக்கு மீட்டருக்கு 2.9 மில்லிவினாடி வீதம் கணக்கிட்டு, அதோடு 10 மில்லிவினாடி கூட்டி வையுங்கள். 100 மீட்டருக்கு 300 மில்லிவினாடி. இரவில் குளிர்ந்தாலும் சில மில்லிவினாடிதான் மாறும், காது அதைப் பொறுத்துக்கொள்ளும். பிறகு எக்கோவை அணைத்துவிட்டு, வால்யூமைக் குறைத்து, தெருவின் கடைசி வரை ஒருமுறை நடந்து கேட்டுப் பாருங்கள்.